பேர், கணக்கு, மலை: மலையகக் கவிதையை எங்கிருந்து வாசிப்பது?

மலையகக் கவிதையை, அதாவது இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் தமிழரின் கவிதையை, எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது என்று, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கும், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். இன்றைய மலையகக் கவிதையில் அடையாளம், இடம், உணர்வின் முதிர்ச்சி ஆகிய மூன்றும் எப்படி அமைகின்றன என்று அவர் ஆய்வு செய்ய வேண்டும். மலையகக் கவிதை முழுவதும் ஒப்பாரிதானே, அதில் முதிர்ச்சியை எங்கே தேடுவாய் என்று உடன் படிப்பவர்கள் அவரைக் கேட்கிறார்களாம். தானும் கவிதை எழுதுவதாகவும், எழுதும்போது தோட்டத்துச் சொற்கள் வந்து விழுந்தால் கூச்சப்பட்டு அடித்துவிடுவதாகவும் கடைசி வரியில் சேர்த்திருக்கிறார். மற்றக் கேள்விகளுக்கான விடை அந்தக் கடைசி வரிக்குள்ளேயே இருப்பதாக எனக்குத் தோன்றுவதால், அங்கிருந்தே அவருக்குப் பதில் எழுதத் தொடங்குகிறேன்.

நீங்கள் அடித்துவிட்ட சொற்கள் எவை என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் டிக்கோயாப் பக்கத்து லயம் ஒன்றில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், வளர்ந்து, பின்னர் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் அவற்றுள் மூன்றை என்னால் ஊகிக்க முடியும்: மலை, கணக்கு, பேர். தமிழ் பேசும் வேறெந்த நிலத்திலும் இந்த மூன்று சொற்களுக்கும் இல்லாத பொருள் நம்மிடம் உண்டு. வெளியூரிலிருந்து வருபவருக்கு மலை என்பது கண்ணுக்குக் குளிர்ச்சியான காட்சி. நம் அம்மாக்கள் "மலைக்குப் போறேன்" என்று சொன்னால் வேலைக்குப் போகிறேன் என்று பொருள். ஏழாம் நம்பர் மலை என்றால் அன்று கொழுந்தெடுக்க விடப்பட்ட தேயிலைப் பரப்பு. கணக்கு என்பது பிறருக்கு எண்ணும் கூட்டலும். நமக்கு அது நாம் பிறந்த ஊர். மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று தோட்டத்தின் பிரிவுகளுக்கே பெயர் வைத்திருக்கிறோம், மேற்கணக்குப் பெண்ணைக் கீழ்க்கணக்கில் கட்டிக்கொடுத்ததாகப் பேசுகிறோம். பேர் என்பதோ எல்லாவற்றையும் விட ஆழமாகச் செல்லும் சொல். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போய் வேலைக்கு நின்றால், செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் ஒரு பேர் விழும். நிறுவையில் கொழுந்து குறைந்துவிட்டால் அரைப் பேர்தான் விழும். ஒரு மனிதரின் பெயரும் அவருடைய ஒரு நாள் கூலியும் ஒரே சொல்லாகிவிட்ட மொழி நம்முடையது.

இந்த மூன்று சொற்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் ஆய்வுத் தலைப்பைத் திரும்பப் படியுங்கள். அடையாளம் என்றால் பேர். இடம் என்றால் மலையும் கணக்கும். ஆகவே மலையகத்தில் தன்னைப் பற்றியும் தன் இடத்தைப் பற்றியும் ஒருவர் எழுதத் தொடங்கும்போது, ஒவ்வொரு சொல்லையும் தோட்டத்திடமிருந்து திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது. மலையை வேலைத்தளத்திலிருந்தும், ஊரைக் கணக்கிலிருந்தும், பெயரைச் செக்ரோலிலிருந்தும் மீட்பதுதான் நம் கவிதை நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவரும் வேலை. எந்த அளவுக்கு அது கைகூடியிருக்கிறது என்பதை வைத்தே ஒரு கவிஞரின் முதிர்ச்சியை நான் அளப்பேன். எவ்வளவு கண்ணீர், எவ்வளவு கோபம் என்பதை வைத்து அளக்க மாட்டேன்.

மலையைப் பற்றிய நம் மிகப் பழைய கவிதை நாட்டார் பாடல். கூனியடித்த மலை, கோப்பிக் கன்று போட்ட மலை என்று தொடங்கி, அண்ணனைத் தோற்ற (இழந்த) மலை அதோ தெரிகிறது என்று விரல் நீட்டும் அந்தப் பாடலை உங்கள் பாட்டியும் பாடியிருப்பார். பாடியவர் யாரென்று தெரியாது, எழுதப்படிக்கத் தெரிந்தவராகவும் இருந்திருக்க மாட்டார். ஆனால் அந்தப் பாடலில் நிகழ்வதைக் கவனியுங்கள். தோட்ட வேலையைக் குறிக்கும் கூனியும் கோப்பிக் கன்றும், தோட்டத்தை நடத்திய துரையின் கணக்கிலுள்ள மலையைச் சொல்கின்றன. மூன்றாவதாக வரும் அண்ணன் எந்தப் பேரேட்டிலும் இல்லாதவன். அவன் பெயரால் மலை வேறொரு மலையாகிறது. தங்கை ஒருத்தி துரை அறியாமல் அந்த மலைக்குத் தன்னுடைய பெயரை வைத்துவிடுகிறாள். பண்டைய திணை மரபில் குறிஞ்சிக்கு உரியது கூடல், பாலைக்கு உரியது பிரிவு. நம்முடைய குறிஞ்சியில் முதல் நாளிலிருந்தே பாலை குடியேறிவிட்டது. ஒப்பாரி என்று உங்கள் நண்பர்கள் ஒதுக்கித் தள்ளும் இடத்தில் இவ்வளவு நுட்பமான கவிதை வேலை நடந்திருப்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அச்சில் வந்தவற்றில் மிகப் பழையதாக நாம் வைத்திருப்பது 1869இல் ஆபிரகாம் ஜோசப் எழுதிய கோப்பிக் கிருஷிக் கும்மி. அது தோட்டத்துரையின் கண்ணால் கோப்பிச் செய்கையை விளக்கிப் போற்றும் நூல். வரலாற்றுக்குப் பயன்படும், உங்கள் கேள்விக்கு அது அதிகம் உதவாது. அதே காலத்தில் பாடப்பட்ட, அச்சேறாத பாடல்கள் அதைவிட உண்மையானவை.

அடுத்து நிற்க வேண்டிய இடம் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்தவர், ஆங்கிலத்தில் எழுதியவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் முதலாவது பாராளுமன்றத்துக்குச் சென்றார். மறு ஆண்டே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போனது. அவரைத் தெரிவுசெய்த மக்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். ஒரு கவிஞனுக்கு நேரக்கூடியவற்றுள் இதைவிடக் கொடியது எது என்று எனக்குத் தெரியவில்லை: தன் மக்களின் பெயரால் அவையில் அமர்ந்திருக்கும்போதே அந்த மக்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்படுகின்றன. தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய அவருடைய நெடுங்கவிதை அந்த அனுபவத்துக்குப் பிறகு, 1950களில் வெளிவந்தது. அதைச் சக்தீ அ. பாலஐயா தமிழாக்கி 1969இல் நூலாக வெளியிட்டார்.

அந்தக் கவிதையின் தொடக்கத்தில் தப்பு என்னும் பறை ஒலிக்கிறது. விடியற்காலை திடுக்கிட்டு எழுந்து தேயிலையின் மேல் நடுங்குகிறது. ஆளை எழுப்புவதற்காக அடித்த தப்பு விடியலையே அச்சுறுத்தி எழுப்பிவிடுகிறது என்று எழுத, அந்தத் தப்பொலியைக் கேட்டு வளர்ந்த செவி வேண்டும். பின்னால் ஓரிடத்தில், தேயிலையின் கீழே புழுதியோடு புழுதியாகக் கிடக்கும் தம் மக்களுக்குக் கல்லறை ஒன்று எழுப்பப்படவில்லை என்றும், கடவுள் இரங்கிப் புல்லால் மூடினார் என்றும் சொல்கிறார். நாட்டார் பாடலில் ஒரு தங்கை ஓர் அண்ணனுக்குச் செய்ததை, அவர் ஓர் இனத்துக்காகச் செய்கிறார். மலை முழுவதையும் கல்லறையாகப் பெயரிடுகிறார். ஆனால் இங்கே ஒன்றைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 'என் மக்கள்' என்று அவர் சொன்னாலும், அந்த மக்கள் கவிதைக்குள் பேசுவதில்லை. அவர்களைப் பற்றிப் பேசப்படுகிறது. ஆங்கிலம் அறிந்த ஆசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும் இருந்தவரின் அன்பு நிறைந்த பார்வை அது. அவரைக் குறைசொல்வதற்காக இதைக் கூறவில்லை. அவரே நம் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்து, அவை நூலாக வரக் காரணமானவர். தான் பேசிய இடத்தில் அவர்களே பேச வேண்டும் என்பதை அவரைவிட நன்றாக உணர்ந்தவர் இருக்க முடியாது.

அவர்களே பேசியதற்கு எடுத்துக்காட்டாக நான் எப்போதும் சொல்வது குறிஞ்சித் தென்னவனை. லபுக்கலைத் தோட்டத்தில் தொழிலாளியாக வாழ்ந்தவர். பகலில் மலையில் உடல் நோக உழைத்தவரின் யாப்பு அவருடையது. சில இடங்களில் சந்தத்துக்காகச் சொல்லை நீட்டுவார், சில இடங்களில் முழக்கம் கவிதையை முந்திச் செல்லும். அவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவரிடத்தில் 'அவர்கள்' என்பது 'நாங்கள்' ஆகிவிட்டது. மல்லிகை சி. குமாரையும் இவரோடு சேர்த்துப் படியுங்கள். அவர் தலவாக்கலைப் பகுதித் தோட்டத்தைச் சேர்ந்தவர், ஓவியரும் ஆவார். லயத்தை ஓவியரின் கண்ணால் அளந்தவர். காம்பரா என்னும் பத்தடிக்குப் பன்னிரண்டடி லய அறையில் மூன்று தலைமுறை படுத்தெழும்போது யார் எங்கே உடை மாற்றுவார்கள் என்ற கேள்வியை, அறிக்கை எழுதுபவர்களுக்கு முன்பே கதையும் கவிதையும் கேட்டுவிட்டன.

நாடற்றவர்களாக்கப்பட்ட நம் மக்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொள்ள 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம் கவிதையின் இடத்தை இரண்டாகப் பிளந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். அந்த மீதியும் 1974இல் பாதி பாதியாகப் பங்கிடப்பட்டது. இதற்குள்ளும் அந்தப் பழைய சொல் வேலை செய்வதைப் பாருங்கள்: பேர். மனிதர்களை எண்ணிப் பிரித்த கணக்கு. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைக் குடியுரிமையும் கிடைத்தன. ஹட்டன் ரயில் நிலையத்திலும் மற்ற நிலையங்களிலும் நடந்த பிரிவைப் பார்த்துத்தான் தலைமன்னார் நோக்கிச் சென்ற அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. போனவர்கள் நீலகிரியில், கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் தேயிலைக்கே சென்றபோது அங்கே அவர்கள் சிலோன்காரர்கள். இங்கே தங்கியவர்களோ 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலிருந்து இந்தியத் தமிழர்கள். கடல் கடந்த பின்னும் கடக்காத பின்னும் மறுகரையின் பெயரே ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்துக் கவிதைகள் பலவற்றில் ரயில் வருவதை நீங்கள் காண்பீர்கள். அவற்றுள் நல்லவற்றை அடையாளம் காண ஒரு வழி சொல்கிறேன்: ஏறியவரின் அழுகையை எழுதுவது எளிது, நிறையப்பேர் எழுதினார்கள், வழியனுப்பிவிட்டு லயத்துக்குத் திரும்பி நடந்தவரின் மௌனத்தை எழுதியவை குறைவு, அவைதான் நின்றன.

'மலையகம்' என்ற சொல்லே இந்தச் சூழலில் வளர்ந்தது. 1960களில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள் ஹட்டனில் மாணவர்களிடையே இந்தச் சொல்லை ஓர் இனத்தின் பெயராகவே வளர்த்தெடுத்தார்கள். தோட்டக்காட்டான், வடக்கத்தையான், கள்ளத்தோணி என்ற இகழ்ச்சிப் பெயர்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, தாங்கள் வாழும் நிலத்தின் பெயரைத் தங்கள் பெயராகத் தந்தது அந்தத் தலைமுறை. ஒப்பாரி மட்டும் பாடிய சமூகம் இப்படிச் செய்திருக்காது.

இன்றைய கவிஞர் ஒருவரைச் சொல்லும்படி நீங்கள் கேட்டால், மல்லியப்பு சந்தி திலகரிடமிருந்து தொடங்கச் சொல்வேன். முதலில் அவருடைய பெயரையே ஒரு கவிதையாக வாசியுங்கள். மல்லியப்பு சந்தி ஹட்டன் நகருக்கு அருகே இருக்கும் ஒரு சந்தி. பேருந்துக்கு நிற்பதும் கூலிக்காக மறியல் செய்வதும் அங்கேதான். அதையே தொகுப்புக்குப் பெயராக வைத்து, தன் பெயருக்கு முன்னாலும் அவர் வைத்துக்கொண்டார். தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் ஊர்ப் பெயரை முன்னால் வைத்துக்கொள்ளும் வழக்கம் நீண்ட காலமாக உண்டு. நமக்கோ அப்படி வைத்துக்கொள்ள ஊர் இல்லை. டன்சினன், ஹோலிரூட் என்று துரைமார் தங்கள் நாட்டு நினைவில் வைத்த தோட்டப் பெயர்கள் இருந்தன, லயத்துக்கு இலக்கம் இருந்தது, கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறி வந்தது. தோட்டத்துக்குச் சொந்தமில்லாத, எல்லோரும் நிற்கக்கூடிய ஒரு சந்தியை ஒருவர் தன் ஊராகத் தெரிந்தெடுப்பதில் எவ்வளவு யோசனை இருக்கிறது! பின்னர், 2015 முதல் 2020 வரை, அவர் நுவரெலியா மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். அதற்கிடையில் 2018இல், உள்ளூராட்சி மன்றங்களான பிரதேச சபைகளின் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்குள்ளும் பிரதேச சபைகள் செலவு செய்ய வழி பிறந்தது. 1947இல் ஒரு கவிஞர் போன அவைக்கு, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து இன்னொருவர் போனபோதும் நாம் ஊராகக் கணிக்கப்படாததைப் பற்றியே பேச வேண்டியிருந்தது. இடம் என்பது நம் கவிதையில் வெறும் பின்னணியாக இருக்க முடியாமைக்குக் காரணம் இதுதான்.

இனி முதிர்ச்சிக்கு வருகிறேன். 'அவர்கள்' என்பதிலிருந்து 'நாங்கள்' என்பதற்கு வந்த கவிதை, கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் 'நான்' என்பதற்கு வந்திருக்கிறது. இதைச் சரிவு என்று வருந்தும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். போராட்டத்தை விட்டுவிட்டுத் தன் மனத்தை எழுதுகிறார்கள் என்பது அவர்கள் குறை. நான் அவ்வாறு கருதவில்லை. 'நாங்கள்' என்று எழுதும்போது வெட்கத்தை எழுத முடியாது. இனம் முழுவதும் வெட்கப்பட்டதாக எழுதினால் அது அவமதிப்பாகிவிடும். 'நான்' என்று எழுதினால்தான், நகரப் பாடசாலையில் விண்ணப்பத்தில் முகவரி எழுதும் இடத்தில் தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டு நகரத்தின் பெயரை மட்டும் எழுதிய பையனை எழுத முடியும். அந்தப் பையன் நான். என்னைப் பார்க்க வந்த அம்மா, மடித்துக் கட்டிய சேலைத் தலைப்பில் பத்து ரூபாய் முடிந்துகொண்டு விடுதி வாசலில் நின்றபோது, அவருடைய விரல்களில் கொழுந்துக் கறை வெடிப்புகளில் கறுத்துக் கிடப்பதை நண்பர்கள் பார்த்துவிடக் கூடாதென்று நான் அவசரமாக அவரை அனுப்பிவைத்தேன். அதை நான் எழுத இருபத்தைந்து ஆண்டுகளாயின. முதலில் எழுதியபோது அந்தக் கறையைப் பச்சை ரத்தம் என்றும் தியாகத்தின் முத்திரை என்றும் எழுதினேன். எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் அதில் என் வெட்கம் இல்லை. அம்மாவைச் சிலையாக்கிவிட்டு நான் தப்பித்துக்கொண்டேன். பின்னர் இப்படி எழுதினேன்:

கை கழுவிவிட்டுத்தான் வந்தேன் என்றாள்.
நான் கேட்கவேயில்லை.
போகாத கறையைக்
காசு கொடுத்த கையால்
மூடிக்கொண்டாள்.

பெரிய கவிதை என்பதற்காக இதைக் காட்டவில்லை. முதற்படியிலிருந்து இரண்டாம்படிக்கு வந்ததைத்தான் உணர்வின் முதிர்ச்சி என்கிறேன். துன்பத்தைத் தந்தவனைச் சுட்டும் கவிதை நமக்கு வேண்டும். அது முடிந்துவிடவில்லை, கூலிக்கான போராட்டமும் இன்னும் முடிந்துவிடவில்லை. அதோடு, துன்பத்துக்குள் நாம் ஒருவருக்கொருவர் செய்ததையும் எழுத வேண்டும். பெண்கள் இதில் ஆண்களைவிட வெகுதூரம் முன்னே சென்றிருக்கிறார்கள். நிறுவையில் கங்காணியிடம் பட்ட பேச்சையும், அதே மாலையில் கணவனிடம் பட்ட அடியையும் ஒரே கவிதையில் வைக்கும் துணிவு இன்றைய பெண் குரல்களில்தான் முதலில் முழுமையாகக் கேட்கிறது. முற்காலக் கவிதையில் கொழுந்தெடுக்கும் பெண் உழைப்பின் சின்னமாகவோ அழகின் சின்னமாகவோ நின்றாள். இப்போது அவளுக்குப் பசியும் ஆசையும் எரிச்சலும் உண்டு. பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலையேறுகையில் பால் கட்டிக்கொள்ளும் மார்பின் வலியை எழுதும்போது, மலை ஓர் உடலுக்குள் வந்துவிடுகிறது. இடமும் அடையாளமும் முதிர்ச்சியும் வேறுவேறு அத்தியாயங்களல்ல என்பதை உங்கள் ஆய்வில் காட்ட, இத்தகைய கவிதை ஒன்றே போதும்.

எனவே, ஆய்வுக்கு ஒரு கவிஞரைத் தெரிந்தெடுத்த பின் அவருடைய கவிதைகளைக் கால வரிசையில் வைத்து மலை, வீடு, நான் என்ற மூன்று சொற்களை மட்டும் தேடிப் பாருங்கள். மலை எப்போது வேலையாக வருகிறது, எப்போது நினைவாக வருகிறது. வீடு எப்போது லயமாக வருகிறது, எப்போது வீடாகவே வருகிறது. தன்னைச் சொல்லும்போது 'நாம்' எங்கே 'நான்' ஆகிறது, மறுபடி எங்கே 'நாம்' ஆகிறது. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடிய பின் எழுதப்பட்டவற்றில் இந்தத் திரும்புதல் தெளிவாகத் தெரியும். 'நான்' என்று எழுதிக்கொண்டிருந்தவர்களும் அந்த வாரம் 'நாம்' என்று எழுதினார்கள். அந்த 'நாம்' பழைய 'நாங்கள்' அல்ல. ஒவ்வொருவரும் தன் காம்பராவையும், தன் தாயையும், தன் வெட்கத்தையும் கடந்து வந்து சேர்ந்த 'நாம்' அது.

கடைசியாக, சொற்களைப் பற்றி. பீலிக்கரை, இஸ்தோப்பு, கவ்வாத்து, படங்கு, கொந்தரப்பு என்று வந்தால் அப்படியே விடுங்கள். நட்சத்திரக் குறியிட்டு அடியில் பொருள் எழுத வேண்டாம். பாலை நிலத்தைப் பார்க்காத நாம் பாலைப் பாடலை விளங்கிக்கொள்ளப் பழகியதைப் போல, பீலிக்கரையில் நில்லாதவரும் அங்கே ஒரு பெண் குடத்தைச் சாய்த்துப் பிடித்திருப்பதைப் பார்த்துப் பழகிக்கொள்ளட்டும். ஆனால் 'பேர்' என்ற சொல் உங்கள் கவிதையில் வந்தால், அந்த வரியை ஒருமுறை சத்தமாகப் படித்து, அங்கே உங்கள் அம்மாவின் நாள் கூலி ஒலிக்கிறதா, அவருடைய பெயர் ஒலிக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் ஒலித்தால் அதை அடிக்க வேண்டாம்.